ஈரக் காலோடு நின்று பார்த்து வாங்கிய பாத்ரூம் டைல்ஸ்: 14 மாதம் கழித்து

எங்கள் வீட்டுப் பாத்ரூமுக்கு 12க்கு 12 அங்குல மேட் டைல்ஸ், அதாவது பளபளப்பு இல்லாத டைல்ஸ், போட்டு 14 மாதம் ஆகிறது. ஆவணியில் போட்டோம். ஒரு ஐப்பசி மழை, ஒரு மார்கழிக் குளிர், ஒரு முழுச் சாரல் காலம் எல்லாம் பார்த்துவிட்டது. தென்காசிப் பக்கம் எங்கள் செங்கோட்டையில் தரையைப் பற்றிப் பேச ஒரு சாரலாவது கடந்திருக்க வேண்டும். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்று திறந்துவிட்டால் ஆவணி வரை துவைத்த துண்டு மூன்று நாளானாலும் காயாது. பாத்ரூம் தரை காய்கிற பேச்சே இல்லை. வெயில் ஊரில் மதியத்துக்குள் உலர்ந்துவிடும் தரை இங்கே நாள் முழுக்க ஈரம்தான். அதனால் ஈரத்தில் எப்படி இருக்கிறது என்பதுதான் எனக்கு முதல் கேள்வி. அந்தக் கேள்வியை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

முன்பு இருந்தது 2க்கு 2 அடி பாலிஷ் டைல்ஸ். வீடு கட்டும்போது ஹாலுக்குப் போட்டதையே உள்ளேயும் போடச் சொன்னார் அப்போதைய கடைக்காரர். "ஒரே கலர்னா ரூம் பெருசா தெரியும்" என்றார். பெரிதாகத்தான் தெரிந்தது. ஆறு வருடம் கழித்து ஒரு ஆனி மாதக் காலையில், கதவைத் திறந்து இரண்டாவது எட்டு வைத்த இடத்தில் என் அத்தை வழுக்கி விழுந்தார். வயது 74. இடது கையை ஊன்றியதில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் கட்டு. கட்டு பிரித்த பிறகும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே போவார். தினம் இரண்டு வேளை குளிக்கிறவர், இரண்டு நாளைக்கு ஒருமுறை என்று குறைத்துக்கொண்டார். கேட்டால் "குளிரா இருக்கும்மா" என்பார். குளிர் இல்லை, பயம். அதைப் பார்த்துக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை. தரையை மாற்றியே ஆக வேண்டும் என்று முடிவு செய்தோம்.

நான் தையல் கடை வைத்திருக்கிறேன். துணியைக் கண்ணால் பார்த்து வாங்க மாட்டேன், விரலால் தடவித்தான் வாங்குவேன். இந்தமுறை டைல்ஸையும் அப்படித்தான் வாங்கினேன். கையோடு காலும் சேர்ந்தது.

கடைக்குப் போகும் முன் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அத்தை பிறந்தது ஆரியங்காவுப் பக்கம். அவர்கள் வீட்டில் சிவப்பு ஆக்சைடு தரை, இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கிறது. செங்கோட்டையும் 1956 வரை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த ஊர்தானே, இங்கேயும் பழைய வீடுகளில் அந்தத் தரையைப் பார்க்கலாம். கூடத்துக்கும் திண்ணைக்கும் அதை மிஞ்ச ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய தரை அது. அதன் மேல் சோப்புத் தண்ணீர் நின்றால் பாலிஷ் டைல்ஸுக்கும் அதற்கும் வித்தியாசம் கிடையாது. ஆத்தங்குடிக் கல் அழகு என்றார் என் நாத்தனார். அழகுதான். ஆனால் அது சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் சிமெண்ட்டும் மணலும் சாயமும் ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. தண்ணீரை உறிஞ்சும், கண்ணாடியில் வார்த்த முகம் என்பதால் வழவழப்பும் அதிகம். கடப்பாக் கல்லைப் பற்றி மட்டும் கொஞ்ச நாள் யோசித்தேன். பாலிஷ் போடாத கடப்பா ஈரத்தில் நன்றாகக் கால் பிடிக்கும், எங்கள் துவைக்கிற இடத்தில் அதுதான் கிடக்கிறது. ஆனால் அது சுண்ணாம்புக் கல் வகை. யாராவது ஒரு நாள் ஆசிட் ஊற்றிக் கழுவினால் போதும், வெளுத்து அரித்துப் போகும். எங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிற பெண் ஆசிட் இல்லாமல் பாத்ரூம் கழுவியதே இல்லை. கறுப்புக் கல்லில் போர் தண்ணீரின் உப்பும் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். அதனால் விட்டுவிட்டேன்.

தரையை மாற்றாமலே இருக்கிற டைல்ஸ் மேல் ஏதோ திரவம் தடவிச் சொரசொரப்பாக்கலாம் என்றும் ஒருவர் சொன்னார். அதைச் செய்த ஒரு வீட்டில் போய் நின்று பார்த்தேன். சுவர் ஓரத்தில் பிடித்தது, நடந்து தேய்ந்த நடுவில் வழுக்கியது. ரப்பர் மேட் விரித்தால் அடியில் பாசி பிடிக்கிறது, மேட்டே நகர்ந்து இன்னொரு ஆளை விழவைக்கும்.

சரி, கடை. முதலில் போன கடையில் சுவருக்கான டைல்ஸ் மிச்சம் கிடக்கிறது, சின்ன ரூம்தானே, தரைக்குப் போட்டுக்கொள்ளுங்கள், பாதி விலை என்றார்கள். வெளியே வந்துவிட்டேன். அடுத்துப் போனது கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், புனலூர் போகிற வழியில் ஒரு கடை. அங்கேதான் வாங்கினேன். நல்ல விற்பனையாளர் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கே பார்த்தேன்.

கைப்பையில் ஒரு சின்ன பாட்டில் தண்ணீரும் ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட் ஒன்றும் கொண்டுபோயிருந்தேன். கேட்கக் கூச்சமாகத்தான் இருந்தது. "ஒரு டைல்ஸைக் கீழே போடுறீங்களா, ஈரமாக்கி நின்னு பாக்கணும்" என்றேன். அந்தப் பையன் முகம் சுளிக்கவில்லை. "சேச்சி, ஒரு மினிட்டு" என்று உள்ளே போய் ஒரு வாளித் தண்ணீரும் கோணிப்பையும் எடுத்துவந்தான். கோணியை விரித்து அதன் மேல் ஏழு டைல்ஸை வரிசையாக வைத்தான். நான் செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் தெளித்து, ஷாம்பு விட்டு, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றிலும் ஏறி நின்று குதிகாலை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தேன். காய்ந்திருந்தபோது மேட் என்று காட்டிய ஏழில் மூன்று, ஷாம்பு பட்டதும் பாலிஷ் டைல்ஸ் மாதிரியே போயின. கையால் தடவினால் மாவு போல மென்மையாக இருந்தவை அவைதான். நின்றது எல்லாம் விரலுக்கு உப்புத்தாள் போலத் தட்டுப்பட்டவை. பையன் தானே இன்னொன்றும் கொண்டுவந்தான், கார் நிறுத்துகிற இடத்துக்குப் போடும் பார்க்கிங் டைல்ஸ். அதில் கால் அசையவே இல்லை. ஆனால் வரிவரியாகப் பள்ளம், அழுக்கு உள்ளே போய் உட்காரும். அத்தையின் பாதத் தோல் மெலிந்தது, குத்தும். வேண்டாம் என்று நானும் சொன்னேன், அவனும் சொன்னான்.

அப்புறம் பெட்டியைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததைக் காட்டினான். ஆர் என்ற எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும். 9லிருந்து 13 வரை போகும், எண் ஏற ஏறப் பிடிப்பு அதிகம். ஜெர்மனியில் வகுத்த சோதனை அது. எண்ணெய் தடவிய தளத்தில் ஷூ போட்ட ஆளை நடக்கவிட்டு, தளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்து, எந்தக் கோணத்தில் வழுக்குகிறார் என்று பார்ப்பார்கள். ஆர் 9 என்றால் 6 முதல் 10 டிகிரி, ஆர் 10 என்றால் 10 முதல் 19, ஆர் 11 என்றால் 19 முதல் 27. ஆனால் நாம் பாத்ரூமுக்குள் ஷூ போட்டுப் போவதில்லை. வெறுங்காலுக்கும் சோப்புத் தண்ணீருக்கும் வேறு சோதனை உண்டு, அதற்கு ஏ, பி, சி என்று தரம்: 12, 18, 24 டிகிரி. நான் பார்த்த பெட்டிகளில் அந்த எழுத்து இல்லை. அதனால் எண்ணைப் பார்த்துக் கழித்தேன், காலை வைத்துத் தேர்ந்தெடுத்தேன். நான் வாங்கியது ஆர் 11.

இன்னொரு சோதனையும் அவன் காட்டினான். அது எனக்குப் பிறகு வீட்டிலும் உதவியது. சுவர் டைல்ஸ் ஒன்றையும் நான் தேர்ந்தெடுத்ததையும் குப்புறப் போட்டு, இரண்டின் முதுகிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டான். சுவர் டைல்ஸ் முதுகில் சொட்டு வட்டமாகப் பரவி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கி உள்ளே போய்விட்டது. மற்றதில் சொட்டு மணி மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. சுவர் டைல்ஸ் தன் எடையில் 10 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கும், நான் எடுத்தது போல கண்ணாடி மாதிரி இறுகச் சுட்ட விட்ரிஃபைட் என்றால் அரை சதவீதத்துக்குள்தான். முதல் கடையில் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னதை வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அந்தச் சொட்டைப் பார்த்தபோதுதான் முழுதாகப் புரிந்தது.

நான் எடுத்தது ஃபுல் பாடி விட்ரிஃபைட், அதாவது மேலே இருக்கும் நிறமே அடி வரை ஓடும். வாளி விழுந்து ஒரு சில்லு பெயர்ந்தாலும் வெள்ளையாகப் பல் இளிக்காது. நிறம் சாம்பலும் மணலும் கலந்த புள்ளி. வெள்ளையில் இங்கத்துச் செம்மண் தெரியும், கறுப்பில் உப்பு தெரியும். சுவர் வெளிர் கிரீம் என்பதால் தரை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று அத்தையின் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கண்புரை ஆபரேஷன் செய்தவர், முன்பு பளபளத் தரையில் டியூப்லைட் வெளிச்சம் பட்டால் தண்ணீரா தரையா என்று தடுமாறுவார்.

அளவு 12க்கு 12 என்றதும் என் வீட்டுக்காரர் "பழைய காலத்து சைஸ்" என்றார். வேண்டுமென்றுதான் எடுத்தேன். சின்ன டைல்ஸ் என்றால் இணைப்பு அதிகம், இணைப்பு அதிகம் என்றால் கால் பிடிக்க வரம்பும் அதிகம். தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதும் சுலபம். 2க்கு 2 அடியில் ஒரே மூலையை நோக்கி வாட்டம் வைக்க வேண்டும் என்றால் குறுக்கே வெட்ட வேண்டியிருக்கும். எங்கள் பாத்ரூம் 7க்கு 5, ஆக 35 சதுர அடி. சேதாரத்தோடு 40 டைல்ஸ் போதும், நான் 50 வாங்கினேன். பின்னால் ஒன்று உடைந்தால் அதே ஷேடு நம்பர் கிடைக்காது. சதுர அடி 52 ரூபாய், மொத்தம் 2,600. எல்லாப் பெட்டியிலும் ஷேடு நம்பர் ஒன்றுதானா என்று நானே படித்துப் பார்த்துத்தான் ஏற்றினேன். துணி எடுக்கும்போது ஒரே தானில் எடுப்பது போலத்தான் இதுவும்.

டைல்ஸுக்கு ஆன காசைவிட அதன் அடியில் போன காசு அதிகம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. பழைய டைல்ஸ் மேலேயே ஒட்டிவிடலாம் என்றார் கொத்தனார். புளியரைக்காரர், வேலை சுத்தமாகச் செய்கிறவர். ஆனால் மேலேயே ஒட்டினால் தரை அரை அங்குலத்துக்கு மேல் உயரும், தண்ணீர் படுக்கை அறைக்குள் வரும். பெயர்க்கச் சொன்னேன். பெயர்த்த பிறகு அவரே தலையை ஆட்டினார். முன்பு போட்டவர்கள் ஒவ்வொரு டைல்ஸுக்கும் நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை சிமெண்ட் வைத்து அமுக்கியிருக்கிறார்கள், மீதியெல்லாம் வெற்றிடம். அதற்குள் கறுப்பாகத் தண்ணீர் தேங்கி நாறியது. பக்கத்துப் படுக்கை அறைச் சுவரில் ஒவ்வொரு வருடமும் பெயிண்ட் உதிர்ந்ததற்குக் காரணம் அங்கேதான் இருந்தது.

தரையிலும் சுவரில் ஓரடி உயரம் வரையிலும் நீர்க்கசிவு தடுக்கும் பூச்சு இரண்டு கை அடித்தார். காய்ந்த பிறகு வடிகால் வாயைத் துணி சுற்றி அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, சுவரில் பென்சிலால் கோடு போட்டோம். பக்கத்தில் ஒரு வாளியிலும் தண்ணீர் ஊற்றி உள்ளே கோடு. காற்றில் குறைவது எவ்வளவு, கசிவது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க அந்த வாளி. 48 மணி நேரம் கழித்து வாளியில் நூலளவுகூட இறங்கவில்லை. தரையில் அரை அங்குலம் இறங்கியிருந்தது. குழாய் தரையைத் துளைத்துப் போகிற இடத்தில் பூச்சு விரிந்திருந்தது. கொத்தனார் ஒன்றும் பேசாமல் அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு வலைத் துணி வைத்து மறுபடி பூசினார். மறுபடி இரண்டு நாள். இந்தமுறை இரண்டு கோடும் அசையவில்லை. ஐந்து நாள் தாமதம், பக்கத்து வீட்டில் போய்க் குளித்தோம். அந்த ஐந்து நாளை மிச்சம் பிடித்திருந்தால் மறுபடி எல்லாவற்றையும் பெயர்க்கிற நாள் வந்திருக்கும்.

ஒட்டும்போது ஒரு வாக்குவாதம். "முப்பது வருஷமா சிமெண்ட் பால்லதான் ஒட்டுறேன், எது விழுந்துச்சு அக்கா?" என்றார். நான் ஒரு டைல்ஸைக் குப்புறப் போட்டு முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். மணி மாதிரி நின்றது. "இது தண்ணியே குடிக்கலைன்னா சிமெண்ட் பாலை எப்படிண்ணே குடிக்கும்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பசையை எடுத்துட்டு வாங்க" என்றார். டைல்ஸ் ஒட்டுகிற பசை மாவை வாங்கி வைத்திருந்தேன். பல் வைத்த கரண்டியால் தரை முழுவதும் வரி இழுத்து ஒட்டினார். காய்ந்த பிறகு ஒவ்வொன்றையும் சாவிக்கொத்தால் தட்டிப் பார்த்தேன். ஒன்று மட்டும் அடியில் வெற்றிடம் இருப்பது போல டொக்கென்று கேட்டது, அன்றே எடுத்து மாற்றினார்.

வாட்டத்துக்கு 7 அடிக்கு ஒரு அங்குலம் என்று கேட்டேன். முதலில் அரை அங்குலம்தான் வைத்திருந்தார். ரசமட்டம் வைத்துப் பார்த்ததைவிட, ஒட்டுவதற்கு முன் டைல்ஸைச் சும்மா அடுக்கி ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிப் பார்த்ததில்தான் உண்மை தெரிந்தது. தண்ணீர் நடுவில் நின்று யோசித்தது. மேட் டைல்ஸில் தண்ணீர் பாலிஷ் தரையில் ஓடுவது போல ஓடாது, அதற்கு வாட்டம் கூடத்தான் வேண்டும்.

இணைப்புக்கு எபாக்சி என்கிற பிசின் கலவை போட்டோம், மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட்டு. விலை கூட, ஆனால் ஆசிட்டுக்கும் உப்புத் தண்ணீருக்கும் சிமெண்ட் போல அரிக்காது. இதில் ஒரு குறை நடந்தது. எபாக்சி இறுகும் முன் மேலே பட்டதைத் துடைத்துவிட வேண்டும். கொத்தனார் டீ குடிக்கப் போய்வந்த நேரத்தில் கதவோரம் இரண்டு டைல்ஸில் படலம் இறுகிவிட்டது. எதைப் போட்டுத் தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. வெளிச்சம் சாய்வாகப் படும்போது இன்றும் தெரிகிறது.

இனி, 14 மாதப் பழக்கத்தில் கண்டது. வழுக்கல் போய்விட்டதா என்றால், தண்ணீருக்கும் சோப்புக்கும் ஷாம்புக்கும் போய்விட்டது. சாரல் முழுக்க ஈரமாகவே கிடந்த தரையில் யாருக்கும் கால் நகரவில்லை. எண்ணெய்க்கு மட்டும் முழுதாக நம்ப முடியாது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல். போட்ட முதல் வாரமே, நல்லெண்ணெய் சொட்டிய இடத்தில் என் குதிகால் இரண்டு விரற்கடை நகர்ந்தது. கடையில் ஷாம்பு ஊற்றிப் பார்த்த எனக்கு எண்ணெய் ஊற்றிப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது அத்தையை ஸ்டூலில் உட்கார வைத்துத்தான் எண்ணெய் தேய்ப்பது. எழும் முன் தரையில் சீயக்காய்த் தூளைத் தூவி வெந்நீர் விட்டுத் தென்னந்துடைப்பத்தால் ஒரு இழு. அதன் பிறகு பயமில்லை. ஸ்டூலுக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு எவர்சில்வர் கைப்பிடியும் போட்டிருக்கிறோம். எந்த டைல்ஸ் போட்டாலும் வயதானவர்கள் இருக்கிற வீட்டில் அது இருக்க வேண்டும்.

சுத்தம் செய்ய பாலிஷ் டைல்ஸைவிட வேலை கூடுதல். அதை மறைக்க விரும்பவில்லை. சொரசொரப்புக்குள் சோப்பு அழுக்கு பிடிக்கிறது, துடைப்பம் மட்டும் போட்டால் போகாது. வாரம் ஒருமுறை பாத்திரம் கழுவுகிற திரவமும் தேங்காய் நாரும் போட்டுக் கால் மணி நேரம் தேய்க்கிறேன். இரண்டு வாரம் விட்டுவிட்டால் குளிக்கிற இடத்தில் வழவழப்பு திரும்பவும் வரும். அழுக்கு படிந்த மேட் டைல்ஸும் வழுக்கும் என்பதால் இந்தத் தேய்ப்பைத் தள்ளிப்போடுவதில்லை. ஆசிட்டை வீட்டிலிருந்தே எடுத்துவிட்டேன். உப்புப் பூப்பது கொஞ்சம் உண்டு, புள்ளி நிறத்தில் கண்ணுக்குத் தெரிவதில்லை. மார்கழியில் காலை ஐந்து மணிக்குத் தரை ஐஸ் மாதிரி இருக்கிறது. எல்லா டைல்ஸும் அப்படித்தான்.

படுக்கை அறைச் சுவரில் இந்த வருடம் பெயிண்ட் உதிரவில்லை. அத்தை மறுபடி இரண்டு வேளை குளிக்கிறார். கதவைத் தாழ் போடாமல் சாத்திக்கொள்கிறார், உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்கிறது.

மிச்சமான டைல்ஸில் ஒன்றை என் தையல் கடையில் வைத்திருக்கிறேன். தைக்கக் கொடுக்க வருகிறவர்களில் வீடு கட்டுகிறவர்கள் இருந்தால் வாசலில் கோணி விரித்து, தண்ணீரும் ஷாம்பும் விட்டு, செருப்பைக் கழற்றி நின்று பார்க்கச் சொல்கிறேன். இப்போது நல்லெண்ணெயும் ஒரு பாட்டில் வைத்திருக்கிறேன்.